டிக்டாக் வழக்கை விசாரித்த நெல்லை வம்சாவளி நீதிபதி: யார் இந்த ஸ்ரீ சீனிவாசன்?

அமெரிக்காவில் சுமார் 17 கோடி பேர் பயன்படுத்தும் டிக்டாக் செயலியை அரசு முடக்கலாமா? 2024 செப்டம்பரில் இந்தக் கேள்வி வாஷிங்டனில் மூன்று நீதிபதிகள் முன்பு வந்து நின்றது. அந்த அமர்வில் இருந்த தலைமை நீதிபதியின் பெயர் ஸ்ரீ சீனிவாசன். அவருடைய அப்பா வழிப் பூர்வீகம், திருநெல்வேலி பக்கம் உள்ள மேலத்திருவேங்கடநாதபுரம் கிராமம்.

ஒரு செயலியின் தலையெழுத்தையே தீர்மானிக்கிற அளவுக்கு இந்த நீதிமன்றத்துக்கு என்ன பவர்? அவர் அங்கே எப்படிப் போய்ச் சேர்ந்தார்?

அதென்ன மேல்முறையீட்டு நீதிமன்றம்?

அமெரிக்க ஃபெடரல் நீதித்துறையில் மூன்று படிகள். கீழே மாவட்ட நீதிமன்றங்கள், நடுவில் 13 மேல்முறையீட்டு நீதிமன்றங்கள், உச்சியில் உச்ச நீதிமன்றம். நடுவில் இருக்கும் நீதிமன்றங்களில் பெரும்பாலும் புதிதாக சாட்சி விசாரணை கிடையாது. கீழே நடந்ததில் சட்டப் பிழை இருக்கிறதா என்று வழக்கமாக மூன்று நீதிபதிகள் பார்ப்பார்கள்.

உச்ச நீதிமன்றம் வருஷத்துக்கு 60, 70 வழக்குகளைத்தான் முழுமையாக விசாரிக்கிறது. அதனால் பெரும்பாலானவர்களுக்கு மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்வதுதான் கடைசி வார்த்தை.

இந்த 13-ல் வாஷிங்டன் டி.சி. நீதிமன்றம் தனி ரகம். அதன் எல்லை சின்னது. ஆனால், மத்திய அரசின் துறைகள், ஒழுங்குமுறை அமைப்புகள் மீதான முக்கிய வழக்குகள் இங்கேதான் வரும். உச்ச நீதிமன்றத்தில் இப்போது இருக்கும் 9 பேரில் ஜான் ராபர்ட்ஸ், கிளாரன்ஸ் தாமஸ், பிரெட் கவனா, கேட்டன்ஜி பிரவுன் ஜாக்சன் என 4 பேர் இங்கிருந்து போனவர்கள்.

சண்டிகரில் பிறப்பு, கேன்சஸில் கூடைப்பந்து

சீனிவாசன் 1967-ல் சண்டிகரில் பிறந்தார். சின்ன வயதிலேயே குடும்பம் கேன்சஸ் மாநிலத்தின் லாரன்ஸ் நகரில் குடியேறியது. அப்பா அங்கே பல்கலைக்கழகக் கணிதப் பேராசிரியர். பையன் பள்ளியில் கூடைப்பந்து ஆடினார். அதே பள்ளி அணியில் ஆடிய டேனி மேனிங் பின்னாளில் என்பிஏ நட்சத்திரம் ஆனார்.

ஸ்டான்ஃபோர்டில் இளங்கலை. பிறகு அங்கேயே சட்டம், எம்பிஏ இரண்டையும் 1995-ல் முடித்தார். அடுத்து ரீகன் நியமித்த இரண்டு நீதிபதிகளிடம் சட்ட உதவியாளர் வேலை. அதில் ஒருவர், அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதியான சாண்ட்ரா டே ஓ'கானர்.

பிறகு உச்ச நீதிமன்றத்தில் அமெரிக்க அரசுக்காக வாதாடும் சொலிசிட்டர் ஜெனரல் அலுவலகம். புஷ் ஆட்சியிலும் ஒபாமா ஆட்சியிலும் அங்கே வேலை பார்த்தார். நடுவில் தனியார் சட்ட நிறுவனத்தில் இருந்தபோது என்ரான் முன்னாள் தலைவர் ஜெஃப்ரி ஸ்கில்லிங்குக்காக உச்ச நீதிமன்றத்தில் வாதாடினார். நீதிபதி ஆவதற்கு முன்பே உச்ச நீதிமன்றத்தில் 25 வழக்குகள்!

97-0

இங்கே மாதிரி அங்கே கொலீஜியம் கிடையாது. அதிபர் பரிந்துரைப்பார், செனட் வாக்களிக்கும். ஒபாமா 2012 ஜூனில் சீனிவாசன் பெயரை அனுப்பினார். 2013 மே 23-ல் செனட் 97-0 என ஒப்புதல் தந்தது. நியமனம் என்றாலே கட்சிச் சண்டை நடக்கும் ஊரில் ஒரு எதிர்ப்பு வாக்குகூட இல்லை. இரண்டு கட்சி ஆட்சியிலும் வேலை பார்த்தவர் என்பது கைகொடுத்தது. பகவத் கீதை மீது கை வைத்துப் பதவியேற்றார். ஃபெடரல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் முதல் தெற்காசிய வம்சாவளி நீதிபதி இவர்தான்.

2016-ல் நீதிபதி ஸ்காலியா மறைந்தபோது, உச்ச நீதிமன்ற இடத்துக்கான பட்டியலில் சீனிவாசன் பெயரும் அடிபட்டது. ஒபாமா தேர்ந்தெடுத்தது இதே நீதிமன்றத்தின் அப்போதைய தலைமை நீதிபதி மெரிக் கார்லண்டை. குடியரசுக் கட்சி வசம் இருந்த செனட் அவரை விசாரணைக்குக்கூட அழைக்கவில்லை. 2020 பிப்ரவரியில் கார்லண்டுக்கு அடுத்து தலைமை நீதிபதி ஆனார் சீனிவாசன். இந்தப் பதவிக்கு அதிபரின் நியமனம் தேவையில்லை. சீனியாரிட்டிப்படி தானாக வரும். அதிகபட்சம் 7 ஆண்டுகள்.

பேசப்பட்ட 3 தீர்ப்புகள்

நெட் நியூட்ராலிட்டி (2016): இணைய நிறுவனங்கள் ஒரு தளத்தை வேகமாகவும் இன்னொன்றை மெதுவாகவும் காட்டக் கூடாது என்ற விதி செல்லும் என்று 2-1 கணக்கில் தீர்ப்பு. டேவிட் டேட்டலும் சீனிவாசனும் சேர்ந்து எழுதினார்கள். ஆனால் ஆட்சி மாறியதும் 2017-ல் அந்த விதியையே ஆணையம் கைவிட்டது.

ட்ரம்ப் வழக்கு (2023): 2021 ஜனவரி 6 கலவரம் தொடர்பாக போலீஸ் அதிகாரிகளும் எம்பிக்களும் ட்ரம்ப் மீது இழப்பீடு கேட்டு வழக்குப் போட்டார்கள். 'அதிபருக்கு விலக்கு உண்டு' என்பது ட்ரம்ப் வாதம். சீனிவாசன் எழுதிய தீர்ப்பு ஒரு கோடு கிழித்தது: அதிபராகச் செய்ததற்கு விலக்கு உண்டு, மறுபடி ஜெயிக்க நினைக்கும் வேட்பாளராகச் செய்ததற்கு இல்லை. அதே நேரம், தான் அதிபராகத்தான் செயல்பட்டேன் என்று பிறகு ஆதாரத்தோடு காட்டும் வாய்ப்பையும் அவருக்கு விட்டுவைத்தது.

டிக்டாக் (2024): 'சீன நிறுவனம் விற்க வேண்டும், இல்லையென்றால் தடை' என்ற சட்டம் செல்லும் என்று மூன்று நீதிபதிகளும் சொன்னார்கள். ஆனால் சீனிவாசன் காரணத்தைத் தனியாக எழுதினார். பேச்சுரிமை வழக்குகளில் இருக்கும் மிகக் கடுமையான சோதனை இதற்குத் தேவையில்லை, அதைவிட ஒரு படி குறைந்த சோதனை போதும் என்பது அவர் வாதம். தகவல் தொடர்பு ஊடகங்களில் வெளிநாட்டுக் கட்டுப்பாட்டுக்கு அமெரிக்கா ரேடியோ காலத்திலிருந்தே வரம்பு வைத்திருப்பதைச் சுட்டிக்காட்டினார். அடுத்த மாதமே உச்ச நீதிமன்றமும் அந்தச் சட்டத்தை ஏற்றது. அது கையாண்டதும் அந்த ஒரு படி குறைந்த சோதனையைத்தான்.

தீர்ப்பு சொன்னால் முடிந்ததா?

இல்லை. சட்டம் செல்லும் என்று ஆன பிறகும், தடையை அமல்படுத்துவதை ட்ரம்ப் தள்ளிப்போட்டார். டிக்டாக் ஓடிக்கொண்டே இருந்தது. நெட் நியூட்ராலிட்டியிலும் ஜெயித்த விதி காணாமல் போனது. சட்டம் என்ன சொல்கிறது என்று நீதிபதி சொல்லலாம். அதைச் செய்துகாட்டுவது அரசின் கையில்.

நீதிபதிக்குச் சாதகமான ஒன்று உண்டு: அது காலம். நம் நாட்டில் உயர் நீதிமன்ற நீதிபதிக்கு 62, உச்ச நீதிமன்ற நீதிபதிக்கு 65 வயதில் ஓய்வு. அமெரிக்க ஃபெடரல் நீதிபதிக்கு ஓய்வு வயதே இல்லை. தலைமைப் பொறுப்பு முடிந்தாலும் சீனிவாசன் நீதிபதியாகத் தொடரலாம். அதிபர்கள் வருவார்கள், போவார்கள். அவர்களுடைய உத்தரவுகள் மீதான வழக்குகளும் இந்த நீதிமன்றத்துக்கு வந்துகொண்டே இருக்கும்.