உருக்குக் குழாயின் வலிமை எங்கிருந்து வருகிறது?

எண்ணெய்க் கிணற்றில் இறக்கிச் சீமெந்து இட்ட உறைக்குழாயை மீண்டும் எடுத்துத் திருத்துவது எளிதல்ல. வெளியழுத்தம் அதை நெரிக்குமா என்பதை உருக்கின் இரசாயனச் சேர்க்கையோடு உருட்டிய முறையும் தீர்மானிக்கிறது. முன்பு பௌதிகம் கற்பித்து, இன்று தொழிற்சாலையில் குழாய்த் தடிப்பை அளப்பவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன்.

1885இல் யேர்மனியின் றெம்ஷைட் நகரில் மன்னெஸ்மான் சகோதரர்கள், சாய்வான உருளைகளிடையே செஞ்சூட்டுத் தண்டைச் சுழற்றித் துளைக்கும் வழியைக் கண்டார்கள். மூட்டற்ற குழாய் பிறந்தது. ஆனால் துளை மையம் விலகினால் சுவர் ஒருபுறம் மெலியும். அமெரிக்கப் பெற்றோலிய நிறுவகத்தின் நியமம் 12.5 வீதம் வரை மெலிவை அனுமதிக்கிறது. தகட்டை வளைத்து ஒட்டிய குழாயில் தடிப்புச் சீரானது. அங்கே கவலை ஒட்டுக்கோட்டைப் பற்றியது.

அடுத்தது நிமிர்த்தல். வளைந்த குழாயைக் குளிர்நிலையில் நிமிர்த்தினால் உருக்கினுள் எஞ்சிய தகைப்பு தங்கி, நெரிவைத் தாங்கும் திறனைக் குறைக்கும். சூட்டோடு நிமிர்த்தினால் அது பெரிதும் தணியும்.

அப்படியானால் உருக்கை மேலும் கடினமாக்கலாமே என்பர். ஐதரசன் சல்பைட்டு உள்ள கிணற்றில் கடினமான உருக்கே எளிதில் வெடிப்புக் காணும். ஆகவே சான்றிதழில் உள்ள இழுவை வலிமையை மட்டும் பார்த்துக் குழாயை ஏற்கக் கூடாது. எப்படி உருட்டினார்கள், எப்படி நிமிர்த்தினார்கள் என்றும் கேட்கவேண்டும்.