வெளிச்சம் பட்டது ஒரு கையில் மட்டும்

1918ஆம் ஆண்டின் குளிர்காலம். முதல் உலகப் போர் அப்போதுதான் முடிந்திருந்தது. ஜெர்மனியின் தலைநகரான பெர்லினில் பாலுக்கும் முட்டைக்கும் பஞ்சம். வெயிலும் சரியாக இல்லை. அங்கே பல குழந்தைகளுக்குக் கால்கள் வளைந்து, மணிக்கட்டு புடைத்திருந்தது. அந்த நோய்க்கு ரிக்கெட்ஸ் என்று பெயர். வளரும் எலும்பு கெட்டிப்படாமல் போவதால், உடம்பின் பாரத்தைத் தாங்க முடியாமல் கால் வளைந்துவிடுகிறது.

கர்ட் ஹுல்ட்ஷின்ஸ்கி என்ற குழந்தை மருத்துவர், இப்படிப்பட்ட நான்கு குழந்தைகளுக்குப் பாதரச ஆவி விளக்கின் ஒளியைக் காட்டினார். வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிர்கள் அந்த விளக்கிலிருந்தும் வரும். பிறகு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோது, எலும்பில் புதிதாகச் சுண்ணாம்புச் சத்து, அதாவது கால்சியம், படிந்திருந்தது.

அதோடு அவர் விட்டிருக்கலாம். ஆனால் இன்னொன்றையும் செய்து பார்த்தார். ஒரு கையில் மட்டும் ஒளி படும்படி வைத்தார். குணமானது எந்தக் கை? இரண்டு கைகளுமே! ஒளியே படாத கை எப்படித் தேறியது? தோலில் ஏதோ ஒன்று உண்டாகி, ரத்தத்தோடு கலந்து, உடம்பு முழுக்கப் போயிருக்க வேண்டும் அல்லவா? அதே விளக்கை வைத்துக்கொண்டே இப்படி ஒரு கேள்விக்கு விடை கண்டுபிடித்தாரே, அதைத்தான் நான் கெட்டிக்காரத்தனம் என்பேன்.

அந்த ‘ஏதோ ஒன்று’ எது? லண்டனில் எட்வர்ட் மெல்லன்பி, நாய்க்குட்டிகளுக்கு வந்த ரிக்கெட்ஸை காட் மீனின் ஈரல் எண்ணெயால் குணப்படுத்தினார். அதில் இருக்கும் வைட்டமின் ஏ-தான் காரணம் என்று முதலில் நினைத்தார்கள். அமெரிக்காவில் மெக்காலம் என்ற விஞ்ஞானி அந்த எண்ணெயைச் சூடாக்கி, காற்றைச் செலுத்தி, வைட்டமின் ஏ-யை அழித்துவிட்டார். அப்போதும் எண்ணெய் ரிக்கெட்ஸைக் குணப்படுத்தியது! அப்படியானால் உள்ளே வேறொரு சத்து இருக்கிறது. ஏ, பி, சி என்ற பெயர்களை ஏற்கெனவே வைத்தாகிவிட்டது. அதனால் 1922இல் இதற்கு வைட்டமின் டி என்று பெயர் வந்தது. ஒளி பட்டால் தோலில் உண்டாகும் அந்த ‘ஏதோ ஒன்று’ம் இதுதான்.

நாம் சாப்பிடும் கால்சியத்தைக் குடல் உறிஞ்ச வேண்டும். அதற்கு வைட்டமின் டி வேண்டும். அது குறைந்தால் 100 பங்கு கால்சியத்தில் 10, 15 பங்குதான் உள்ளே போகும். போதுமான அளவு இருந்தால் 30, 40 பங்கு வரை போகும். ஆக, டம்ளர் டம்ளராகப் பால் குடித்தால் மட்டும் போதாது.

கால்சியம் மட்டும் இருந்தாலும் எலும்பு ஆகிவிடாது. சாப்பிட்டு முடித்த கோழிக்கால் எலும்பைக் கழுவி, வினிகரில் ஒரு வாரம் போட்டு வையுங்கள். நடுவில் ஓரிரு முறை வினிகரை மாற்றுங்கள். பிறகு எடுத்தால் எலும்பு வளையும். கால்சியமும் பாஸ்பரஸும் சேர்ந்த கெட்டிப் பொருளை வினிகர் கரைத்துவிட்டது. மிச்சம் இருப்பது கொலாஜன் என்ற புரத நார். இந்த நாரை உடம்பு ஒழுங்காகப் பின்னுவதற்கு நெல்லிக்காயிலும் கொய்யாவிலும் இருக்கும் வைட்டமின் சி வேண்டும். கீரையில் கிடைக்கும் வைட்டமின் கே-யும், பருப்பிலும் கடலையிலும் இருக்கும் மக்னீசியமும் எலும்பு வேலையில் பங்கெடுப்பவைதான்.

இதயம் துடிக்கவும் தசை அசையவும் ரத்தத்தில் எப்போதும் கொஞ்சம் கால்சியம் இருந்தாக வேண்டும். சாப்பாட்டில் அது வராவிட்டால் உடம்பு எலும்பிலிருந்து எடுத்துக்கொள்ளும். அப்போது நமக்கு வலிக்காது, தெரியவும் தெரியாது.

நம் ஊரில் கால்சியத்துக்குக் கேழ்வரகு இருக்கிறது. 100 கிராமில் சுமார் 350 மில்லிகிராம்! அதே அளவு பாலில் ஏறக்குறைய 120தான். கேழ்வரகில் உள்ள பைட்டேட் என்ற பொருள் கால்சியத்தில் கொஞ்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். முளைகட்டி அரைத்தால் அந்தப் பிடி தளரும். எள்ளுருண்டையும், முள்ளோடு மென்று தின்னும் நெத்திலியும்கூட நல்லவை.

வெயிலுக்கா நமக்குப் பஞ்சம் என்று கேட்பீர்கள். ஆனால் வைட்டமின் டி-யை உண்டாக்கும் கதிர்கள் ஜன்னல் கண்ணாடியைத் தாண்டி வருவதில்லை. காலையிலும் மாலையிலும் சூரியன் சாய்ந்திருக்கும்போது அவை மிகக் குறைவு. வெளியே நின்று உங்கள் நிழலைப் பாருங்கள். அது உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக இருந்தால் அதுதான் நல்ல நேரம். சுடச்சுட நிற்க வேண்டாம், கொஞ்ச நேரம் போதும். மாத்திரையை மட்டும் டாக்டர் சொல்லாமல் விழுங்காதீர்கள். வைட்டமின் டி மிதமிஞ்சினால் ரத்தத்தில் கால்சியம் ஏறிச் சிறுநீரகம் கெடும்.

காலை பத்தரை மணி பி.டி. பீரியடைக் கணக்குப் பாடத்துக்கு எடுத்துக்கொள்ளும் ஆசிரியர் உங்கள் பள்ளியிலும் இருந்தால், அவரிடம் இந்தக் கட்டுரையைப் பணிவோடு காட்டுங்கள்.