டிவி போட்டால் வைஃபை படுத்துவிடுகிறதா? ரவுட்டரில் சரிபார்க்க வேண்டிய மல்டிகாஸ்ட் அமைப்புகள்

கூடத்தில் பெரியவர்கள் டிவி போடுகிறார்கள். சில நொடிகளில் உள் அறையிலிருந்து ஆன்லைன் வகுப்பில் இருக்கும் பிள்ளை, "வாப்பா, நெட் போச்சு" என்று குரல் கொடுக்கிறது. இன்னொரு வீட்டில் நேற்றுவரை போனிலிருந்து பிரிண்ட் எடுத்த பிரிண்டர் இன்று பட்டியலிலேயே இல்லை. ஓர் அலுவலகத்தில் புதிய ஸ்விட்ச் மாட்டிய நாளிலிருந்து, கேமரா காட்சி நான்கைந்து நிமிடம் ஓடி நின்றுவிடுகிறது.

மூன்றும் வெவ்வேறு கோளாறுகளாகத் தெரிந்தாலும், மூன்றுக்கும் ஒரே இடத்தில் காரணம் இருக்கலாம். அதுதான் ரவுட்டரும் ஸ்விட்சும் 'மல்டிகாஸ்ட்' போக்குவரத்தைக் கையாளும் விதம். இது புரியாமல் வேகமான இணையத் திட்டத்துக்கு மாறுவோரும், நல்ல ரவுட்டரைத் தூக்கிப்போட்டுவிட்டுப் புதியது வாங்குவோரும் உண்டு. பல நேரங்களில் செலவில்லாமல், ரவுட்டரின் அமைப்புப் பக்கத்திலேயே இதைச் சரிசெய்யலாம்.

மல்டிகாஸ்ட் என்றால் என்ன?

தகவல் மூன்று விதமாகப் பயணிக்கிறது. ஒரு கருவியிலிருந்து இன்னொரு கருவிக்கு மட்டும் போவது யூனிகாஸ்ட். நெட்வொர்க்கில் உள்ள எல்லாருக்கும் போவது பிராட்காஸ்ட். கேட்டுப் பதிவு செய்தவர்களுக்கு மட்டும் போவது மல்டிகாஸ்ட்.

தெருவில் பேப்பர் போடும் ஏஜென்டை நினைத்துப் பாருங்கள். அவர் கையில் சந்தாதாரர் பட்டியல் இருக்கிறது. பட்டியலில் உள்ள வீட்டுக்கு மட்டும் பேப்பர் விழும். பட்டியல் தொலைந்துபோனால் அவருக்கு இரண்டே வழிதான்: எல்லா வீட்டிலும் பேப்பரை எறியலாம், அல்லது யாருக்கும் போடாமல் விடலாம். மல்டிகாஸ்ட் கோளாறுகளில் பெரும்பாலானவை இந்த இரண்டில் ஒன்றுதான்.

இந்த முறையால் மிச்சமாகும் அளவு பெரியது. ஒரு ஹெச்டி சேனலுக்கு நொடிக்கு 8 மெகாபிட் தேவை என்று வைத்துக்கொள்வோம். 100 பேர் தனித்தனியாகப் பார்த்தால் 800 மெகாபிட் வேண்டும். மல்டிகாஸ்ட்டில் ஒரே 8 மெகாபிட் ஓடை கிளம்பி, பாதை பிரியும் இடத்தில் மட்டும் நகலாகும். இதனால்தான் தொலைபேசி நிறுவனங்கள் இணைய இணைப்போடு சேர்த்துத் தரும் ஐபி டிவி சேவைகள் நேரலைச் சேனல்களை இந்த முறையில் அனுப்புகின்றன. இலங்கை, சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா நாடுகளில் இருக்கும் நம் குடும்பங்கள் பலவற்றில் இத்தகைய செட்டாப் பெட்டிகள் உண்டு.

ஒன்றைத் தெளிவாக நினைவில் வையுங்கள். யூடியூப், நெட்ஃபிளிக்ஸ், வாட்ஸ்அப் அழைப்பு, ஜூம் வகுப்பு ஆகியவை இணையம் வழியாக யூனிகாஸ்ட்டாகவே வருகின்றன. ஒரே யூடியூப் நேரலையை ஒரு வீட்டில் ஐந்து போன்களில் பார்த்தால் ஐந்து தனி ஓடைகள் வரும். எனவே மல்டிகாஸ்ட் அமைப்பை மாற்றினால் யூடியூப் வேகமாகும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஐபி டிவியின் ஓடை வைஃபையை அடைத்துக்கொண்டிருந்தால் மட்டுமே, அந்த அடைப்பு நீங்கி மற்றவையும் சீராகும்.

ஐஜிஎம்பி: பட்டியல் எழுதும் முறை

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் ஸ்டீவ் டீரிங் 1980களில் இந்த முறையை வடிவமைத்தார். 1989-இல் அது இணையத் தர ஆவணமாக வெளியானது. மல்டிகாஸ்ட்டுக்கென்று 224.0.0.0 முதல் 239.255.255.255 வரையிலான முகவரிகள் ஒதுக்கப்பட்டுள்ளன. இந்த முகவரிகள் தனிக் கருவியைக் குறிப்பவை அல்ல. ஒவ்வொன்றும் ஒரு குழுவைக் குறிக்கிறது.

'இந்தக் குழுவில் என்னைச் சேர்த்துக்கொள்' என்று கருவி சொல்வதற்கான மொழிதான் ஐஜிஎம்பி. இதன் இரண்டாம் பதிப்பு 1997-இலும், மூன்றாம் பதிப்பு 2002-இலும் வந்தன. ரவுட்டர் பக்கத்தில் இதையொட்டி மூன்று பெயர்களைப் பார்ப்பீர்கள்.

ஐஜிஎம்பி ப்ராக்ஸி: வீட்டுக்குள் இருக்கும் செட்டாப் பெட்டி கேட்கும் சேனலை, ரவுட்டர் தன் பெயரில் நிறுவனத்திடம் கேட்டு வாங்கித் தருவது. ஐபி டிவி இருந்தால் மட்டுமே இது தேவை.

ஐஜிஎம்பி ஸ்னூப்பிங்: யார் எந்தக் குழுவில் சேர்ந்தார்கள் என்பதை ஸ்விட்ச் காதில் வாங்கிக் குறித்துக்கொண்டு, அந்த வாயிலுக்கு மட்டும் ஓடையை விடுவது. இது இல்லாவிட்டால் ஸ்விட்ச் அந்த ஓடையை எல்லா வாயில்களிலும் கொட்டும்.

ஐஜிஎம்பி குவெரியர்: 'இன்னும் வேண்டுமா?' என்று அவ்வப்போது கேட்பவர். வழக்கமான அமைப்பில் 125 விநாடிக்கு ஒருமுறை கேட்கிறார். வேண்டும் என்கிற கருவிகள் பதில் சொல்ல, பட்டியல் புதுப்பிக்கப்படும். 260 விநாடிகளுக்குள் எந்தப் பதிலும் வராவிட்டால் பெயர் அடிக்கப்படும்.

நான்கு நிமிடத்தில் நிற்கும் மர்மம்

இந்த 260 விநாடிக் கணக்கை வைத்து அலுவலகக் கேமரா கோளாறைக் கண்டுபிடித்துவிடலாம். ஸ்விட்சில் ஸ்னூப்பிங் இயங்குகிறது. ஆனால் நெட்வொர்க்கில் எங்கும் குவெரியர் இல்லை. காட்சியைத் திறந்ததும் கணினி தானாகவே ஒருமுறை பெயர் கொடுக்கிறது, படம் ஓடுகிறது. பிறகு யாரும் கேட்காததால் கணினி மறுபடி பெயர் கொடுப்பதில்லை. நான்கு நிமிடம் சொச்சத்தில் ஸ்விட்ச் பெயரை அடித்துவிட, படம் நிற்கிறது. மூடித் திறந்தால் மீண்டும் நான்கு நிமிடம் ஓடும்.

பலர் இதற்கு ஸ்னூப்பிங்கையே ஆஃப் செய்துவிடுகிறார்கள். படம் ஓடும், ஆனால் ஓடை எல்லா வாயில்களிலும் கொட்டத் தொடங்கும். மல்டிகாஸ்ட்டில் அனுப்பும் 16 கேமராக்கள், ஒவ்வொன்றும் நொடிக்கு 4 மெகாபிட் என்றால், 64 மெகாபிட் ஆகிறது. 100 மெகாபிட் வாயிலில் இருக்கும் பில் போடும் கணினியின் பாதையில் பெரும்பகுதி அதற்குச் சம்பந்தமே இல்லாத காட்சிகளால் நிரம்பிவிடும். ஸ்னூப்பிங்கை ஆனிலேயே வைத்து, ஒரு ஸ்விட்சில் அல்லது ரவுட்டரில் குவெரியரையும் ஆன் செய்வதே சரியான தீர்வு. நிர்வகிக்கக்கூடிய ஸ்விட்சுகள் பலவற்றில் இந்த வசதி இருக்கிறது.

வைஃபை ஏன் படுத்துவிடுகிறது?

கம்பியில் கொட்டினால் அந்தப் பாதை நெரிசலாகும், அவ்வளவுதான். வைஃபையில் கொட்டினால் விளைவு பல மடங்கு மோசம். காரணம், வைஃபை மல்டிகாஸ்ட்டை அனுப்பும் முறை.

யூனிகாஸ்ட் என்றால் அந்தப் போனுக்கு ஏற்ற அதிக வேகத்தில் அனுப்பி, கிடைத்ததா என்று உறுதி செய்து, தவறியிருந்தால் மறுபடி அனுப்பும். மல்டிகாஸ்ட்டுக்கு இந்த உறுதி கிடையாது. தொலைவில் இருக்கும் கருவிக்கும் கேட்க வேண்டும் என்பதற்காக மிகக் குறைந்த வேகத்தில் அனுப்பும். பல ரவுட்டர்களில் 2.4 கிகாஹெர்ட்ஸில் நொடிக்கு 1 மெகாபிட், 5 கிகாஹெர்ட்ஸில் 6 மெகாபிட் என்பதே இந்த வேகம். அதில் 8 மெகாபிட் டிவி ஓடையைக் கொட்டினால் என்ன ஆகும்? காற்றலையின் முழு நேரமும் அதற்கே போதாது. உங்கள் இணையத் திட்டம் 300 மெகாபிட்டாக இருந்தாலும் பிள்ளையின் வகுப்பு நின்றுபோவது இதனால்தான்.

பள்ளிவாசல் நிர்வாகிகளும் இதைக் கவனிக்க வேண்டும். கீழ்த்தளத்து உரையை மேல்தளத்திலுள்ள பெண்கள் பகுதித் திரைக்கு நெட்வொர்க் கம்பி வழியாகக் கொண்டுசெல்லும் ஹெச்டிஎம்ஐ எக்ஸ்டெண்டர்களில், ஒன்றிலிருந்து பல திரைகளுக்கு அனுப்பும் வகைகள் மல்டிகாஸ்ட்டைப் பயன்படுத்துகின்றன. அலுவலக வைஃபை இருக்கும் அதே சாதாரண ஸ்விட்சில் அதைச் செருகினால், உரை தொடங்கும் நேரத்தில் வைஃபை செத்துவிடும். ஸ்னூப்பிங் உள்ள ஸ்விட்ச் வாங்குங்கள். இல்லையென்றால், திரைகளுக்கு மட்டும் தனி ஸ்விட்ச் போட்டு, அதை மற்ற நெட்வொர்க்கோடு இணைக்காமல் விடுங்கள்.

காணாமல் போகும் பிரிண்டர்

பிரிண்டர், ஸ்மார்ட் டிவி போன்றவற்றைப் போன் கண்டுபிடிப்பதும் மல்டிகாஸ்ட் மூலமே. 'இங்கே பிரிண்டர் யாராவது உண்டா?' என்ற அழைப்பு 224.0.0.251 அல்லது 239.255.255.250 என்ற குழு முகவரிக்குப் போகிறது. இந்த அழைப்புகள் வீட்டு நெட்வொர்க்கின் எல்லையைத் தாண்டுவதில்லை. ஆகவே பிரிண்டர் காணாமல் போனால் மூன்றைப் பாருங்கள்.

முதலாவது, இரண்டு ரவுட்டர்கள். நிறுவனம் கொடுத்த பெட்டி ஒன்று, நீங்கள் கடையில் வாங்கியது ஒன்று என்று இருந்தால், வீட்டுக்குள் இரண்டு தனி நெட்வொர்க்குகள் உருவாகியிருக்கலாம். போன் ஒன்றிலும் பிரிண்டர் மற்றொன்றிலும் இருந்தால் ஒன்றையொன்று பார்க்காது. இரண்டாவது ரவுட்டரை 'ஆக்சஸ் பாயின்ட்' முறைக்கு மாற்றுங்கள்.

இரண்டாவது, 'ஏபி ஐசொலேஷன்'. இது ஆனில் இருந்தால் வைஃபையில் உள்ள கருவிகள் தங்களுக்குள் பேச முடியாது. உங்கள் முதன்மை வைஃபையில் இதை ஆஃப் செய்யலாம். விருந்தினருக்கான கெஸ்ட் வைஃபையில் மட்டும் ஆனிலேயே இருக்கட்டும். அது உங்கள் பாதுகாப்புக்கானது.

மூன்றாவது, கெஸ்ட் வைஃபை. போன் தவறுதலாக அதில் இணைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

எப்படி மாற்றுவது?

1. ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் முகவரியை (பெரும்பாலும் 192.168.0.1 அல்லது 192.168.1.1) பிரவுசரில் திறந்து உள்ளே செல்லுங்கள்.

2. எதையும் தொடுமுன், இப்போதிருக்கும் அமைப்புகளைப் போனில் படமெடுத்துக்கொள்ளுங்கள்.

3. அமைப்பு இருக்கும் இடம் மாடலுக்கு மாடல் மாறும். டிபி-லிங்க், ஆசூஸ் ரவுட்டர்கள் பலவற்றில் 'ஐபிடிவி' என்ற பகுதியில் இருக்கும். ஆசூஸில் வைஃபைக்கான ஸ்னூப்பிங், வயர்லெஸ் பகுதியின் 'ப்ரொஃபெஷனல்' பக்கத்தில் தனியாக இருக்கிறது.

4. ஐபி டிவி இருந்தால் ப்ராக்ஸி, ஸ்னூப்பிங் இரண்டையும் ஆன் செய்யுங்கள். நிறுவனம் அமைத்துத் தந்த விலேன் எண்களை மாற்றாதீர்கள். மாற்றினால் டிவியே வராமல் போகலாம். ஐபி டிவி இல்லையென்றால் ப்ராக்ஸியை ஆஃப் செய்துவிடலாம்.

5. ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். செய்த பிறகு குறைந்தது 10 நிமிடம் டிவியை ஓடவிடுங்கள். ஒரு நிமிடம் பார்த்துவிட்டுச் சரியாகிவிட்டது என்று முடிவு செய்தால், 260 விநாடிக் கோளாறு உங்களை ஏமாற்றிவிடும்.

6. மல்டிகாஸ்ட்டை யூனிகாஸ்ட்டாக மாற்றி அனுப்பும் வசதி வைஃபை பக்கத்தில் இருந்தால் ஆன் செய்யுங்கள். வீட்டில் ஓரிரண்டு டிவிதான் என்றால் இது நல்ல பலன் தரும். 'மல்டிகாஸ்ட் ரேட்' என்பதைக் கூட்டினாலும் நெரிசல் குறையும். ஆனால் மிக அதிகமாக வைத்தால் கடைசி அறையில் உள்ள கருவிகளுக்குக் கிடைக்காமல் போகும்.

7. ஸ்னூப்பிங்கை ஆன் செய்த பின் பிரிண்டரோ டிவியோ பட்டியலிலிருந்து மறைந்தால், முதலில் குவெரியர் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு ரவுட்டரின் மென்பொருளைப் புதுப்பியுங்கள். அதன் பிறகும் சரியாகாவிட்டால், ஐபி டிவி இல்லாத வீட்டில் ஸ்னூப்பிங்கை ஆஃபில் வைப்பதால் பெரிய நட்டம் இல்லை.

இவை எல்லாவற்றையும்விட எளிய வழி ஒன்று உண்டு. செட்டாப் பெட்டியை வைஃபையில் விடாமல் கம்பி மூலம் ரவுட்டரில் இணையுங்கள். ஸ்னூப்பிங் ஆனில் இருந்தால் டிவி ஓடை கம்பியோடு நின்றுவிடும். காற்றலை பிள்ளைகளின் படிப்புக்கும் மற்றவர்களின் வேலைக்கும் கிடைக்கும். சில மீட்டர் கம்பியின் விலை, புதிய ரவுட்டரின் விலையில் மிகச் சிறு பங்குதான். அடுத்த முறை இணையம் படுத்ததும் நிறுவனத்துக்கு அழைத்துச் சண்டை போடுமுன், அந்த நேரத்தில் வீட்டில் டிவி ஓடிக்கொண்டிருந்ததா என்று மட்டும் பாருங்கள். ஓடிக்கொண்டிருந்தது என்றால், கோளாறு பெரும்பாலும் உங்கள் வீட்டுக்குள்தான் இருக்கிறது. அதைச் சரிசெய்யும் பக்கமும் உங்கள் ரவுட்டரிலேயே இருக்கிறது.