மேட்டில் ஏறும்போது எஞ்சின் தட்டுகிறதா?



"மக்லிங்கன் மேட்டில் ஏறும்போது கார் தட்டுகிறது, ஓடலாமா?" என்று என்னிடம் பலர் கேட்டிருக்கிறார்கள். பீல் நகரம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 435 மீற்றர் உயரத்தில் இருக்கிறது; மக்லிங்கன் சுமார் 900 மீற்றர். இந்த ஏற்றத்தில் எஞ்சினுக்குப் பாரம் கூடுவதால், சமதரையில் மறைந்திருக்கும் பிழை வெளியே வந்துவிடும்.

இந்தச் சத்தம் எங்களுக்குப் புதியதல்ல. 1990இல் மீண்டும் போர் தொடங்கிய பின் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டது. நாங்கள் சில துளி பெற்றோலில் எஞ்சினைத் தொடக்கிச் சூடாக்கிவிட்டு, மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓடினோம். மொறிஸ் மைனரும் ஒஸ்ரின் ஏ40உம் புகை கக்கிக்கொண்டு, தட்டித் தட்டியே ஆஸ்பத்திரிக்கும் சந்தைக்கும் போய்வந்தன. தட்டினாலும் ஓடுகிறதே என்று எங்கள் காது அந்தச் சத்தத்துக்குப் பழகிவிட்டது.

அந்தக் காதோடுதான் நான் இங்கே வந்தேன். சீட்டுப் பணம் எடுத்து முதலாவது பழைய காரை வாங்கியபோது நான் உணவகமொன்றில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். மேட்டில் கார் தட்டியது. ஊரில் கேட்ட சத்தம்தானே என்று நான்கு மாதம் பேசாமல் ஓடினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பின்சீற்றில் பிள்ளைகள் இருக்க, ஏற்றத்தின் நடுவில் எஞ்சின் நின்றுவிட்டது. திறந்து பார்த்தபோது ஒரு பிஸ்ரனின் விளிம்பு உடைந்திருந்தது. திருத்தும் செலவு காரின் விலையைவிடக் கூட. கார் பழைய இரும்புக்குப் போனது. சீட்டுக் காசை இன்னும் ஒரு வருடம் கட்டினேன். அதன் பிறகுதான் கராஜ் வேலை பழகினேன்.

தட்டுவது ஏன்? பிளக் தீப்பொறி கொடுத்ததும் நெருப்பு ஒழுங்காகப் பரவ வேண்டும். சூடோ அழுத்தமோ கூடினால், நெருப்புப் போய்ச் சேருமுன் மீதிக் கலவை தானாகவே வெடிக்கும். அந்த அதிர்ச்சிதான் தட்டுச் சத்தம். அப்படி வெடிக்காமல் பெற்றோல் தாக்குப்பிடிக்கும் அளவைத்தான் ஒக்ரேன் எண் சொல்கிறது. மண்ணெண்ணெய்க்கு அது மிகக் குறைவு. பழைய கார்கள் கலவையை ஏறத்தாழ 7, 8 மடங்குதான் அழுத்தின. அதனால் ஒருவாறு தப்பின. இன்றைய எஞ்சின்கள் 10 மடங்குக்கு மேல் அழுத்துகின்றன.

இதில் எங்கள் ஊருக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1936 முதல் 1975 வரை பீலில் ஜெனரல் மோட்டோர்ஸ் கம்பனி கார் பொருத்தும் தொழிற்சாலை நடத்தியது. அதே கம்பனியின் அமெரிக்க ஆய்வுகூடத்தில்தான், பெற்றோலில் ஈயச் சேர்மம் கலந்தால் தட்டுவது நிற்கும் என்று தோமஸ் மிட்ஜ்லி 1921இல் கண்டுபிடித்தார். ஆனால் ஈயம் நஞ்சு. 2000ஆம் ஆண்டுடன் சுவிசில் ஈயப் பெற்றோல் நின்றது. 2021இல் உலகெங்கும் கார்களுக்கு விற்பது முடிந்தது.

இனி, நீங்களே பார்க்கக்கூடியவை.

முதலில் சத்தத்தைக் கவனியுங்கள். தகரப் பேணிக்குள் சில்லறைக் காசைக் குலுக்குவதுபோல், அக்சிலேற்றரை அமத்தும்போது கேட்டு, காலை எடுத்ததும் நின்றால் அது பெரும்பாலும் நான் சொன்ன தட்டுதல். அடியிலிருந்து "டொக் டொக்" என்று கனமாகக் கேட்டு, எஞ்சின் வேகத்தோடு கூடினால் பெயரிங் தேய்ந்திருக்கலாம். உடனே நிறுத்துங்கள், ஓட்டிக்கொண்டு கராஜுக்குப் போகாமல் இழுத்துச் செல்ல ஏற்பாடு செய்யுங்கள். சைலன்சருக்கு மேலுள்ள தகரம் கழன்று ஆடினாலும் சத்தம் வரும். அது சிறிய வேலை. டீசல் கார் குளிரில் சற்றுத் தட்டுவது இயல்பு. புதிதாகக் கூடினால் காட்டுங்கள்.

இரண்டாவது, பெற்றோல் மூடிக்குள் 95 என்றா 98 என்றா எழுதியிருக்கிறது என்று பாருங்கள். 95 கேட்கும் கார் தட்டினால், ஒருமுறை 98 நிரப்பிப் பாருங்கள். சத்தம் நின்றால் நோய் எதுவென்று தெரிந்துவிட்டது. ஆனால் காரணம் இன்னும் உள்ளே இருக்கிறது.

மூன்றாவது, எஞ்சின் ஆறிய பிறகு கூலன்ற், ஒயில் மட்டங்களைப் பாருங்கள். சூட்டோடு கூலன்ற் மூடியைத் திறக்க வேண்டாம்.

நான்காவது, மேட்டில் பெரிய கியரில் மெதுவாக இழுக்காமல் கியரைக் குறையுங்கள். சிறிய ரேர்போ எஞ்சின்களுக்கு இது மிக முக்கியம். கைநூலில் சொன்ன ஒயிலையே விடுங்கள்.

அதற்கும் நிற்காவிட்டால் கராஜில் பிளக், உள்ளே படிந்த கரி, கலவையின் அளவு, தட்டுதலை உணரும் சென்சர் ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். புதிய கார்களில் அந்தச் சென்சர் தீப்பொறியைத் தாமதமாக்கி எஞ்சினைக் காக்கிறது. அதனால் சத்தம் கேட்காமலே இழுவை குறைந்து, பெற்றோல் கூடுதலாகச் செலவாகலாம். மஞ்சள் எஞ்சின் விளக்கு எரிந்தால், முதலில் கணினியில் பிழையை வாசிக்கச் சொல்லுங்கள். வாசிக்காமல் சாமான் மாற்ற விடாதீர்கள்.

ஊரில் வேறு வழியில்லாமல் அந்தச் சத்தத்தோடு ஓடினோம். இங்கே வழி இருக்கிறது. சில நூறு பிராங்கோடு முடியக்கூடிய வேலையை என்னைப்போல் நான்கு மாதம் தள்ளிப்போடாதீர்கள்.

அடுத்த மாதம் குளிர்காலத்தில் பற்றரி ஏன் இறங்குகிறது என்று பார்ப்போம்.