பனியாறுகள் காத்த பறவை

தெற்கு அட்லாண்டிக் பெருங்கடலில், தென் அமெரிக்காவின் தென்முனைக்குக் கிழக்கே வெகு தொலைவில் அமைந்துள்ள தெற்கு ஜார்ஜியா, பாதிக்கும் மேற்பட்ட பரப்பு நிரந்தரப் பனியால் மூடப்பட்ட மலைத்தீவு ஆகும். பெங்குவின், ஆல்பட்ராஸ் முதலிய கடற்பறவைகள் பெருகி வாழும் அத்தீவுக்கே உரிய ஒரே பாடும் பறவை தெற்கு ஜார்ஜியா நெட்டைக்காலி. உலகில் வேறெங்கும் அது வாழ்வதில்லை. தமிழகத்தில் காணப்படும் வயல் நெட்டைக்காலியும் அதுவும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை.

சிட்டுக்குருவியைவிடச் சற்றே பெரியதும், பழுப்பு உடலில் கருங்கோடுகள் கொண்டதுமான இப்பறவை, டுசாக் எனப்படும் உயரமான புல்லின் தூர்களுக்கிடையே தரையையொட்டிக் கூடு கட்டுகிறது. கோடையில் பூச்சிகளையும் சிலந்திகளையும் உண்ணும் இது, குளிர்காலத்தில் நிலம் பனியில் புதைந்தாலும் தீவை விட்டு அகலாமல், கடலோரத்தில் ஒதுங்கும் பாசிகளிடையே இரை தேடிப் பிழைக்கிறது.

குளிரைத் தாங்கிய இப்பறவையால் எலிகளைத் தாங்க இயலவில்லை. 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து வந்த சீல் வேட்டைக் கப்பல்களிலும், 1904க்குப் பின் பெருகிய திமிங்கல வேட்டைக் கப்பல்களிலும் வந்திறங்கிய எலிகள், முட்டைகளையும் குஞ்சுகளையும் தின்று தீர்த்தமையால், நெட்டைக்காலி பெருந்தீவின் பெரும்பகுதியிலிருந்து மறைந்து, சுற்றியுள்ள சிறு தீவுகளிலும் எலிகள் எட்டாத சில ஒதுக்கிடங்களிலும் மட்டுமே எஞ்சியது. மலையிலிருந்து கடல்வரை இறங்கும் பனியாறுகளை, அதாவது மெல்ல நகரும் பெரும் பனிக்கட்டித் திரள்களை, எலிகளால் கடக்க முடியாததே அந்த ஒதுக்கிடங்களைக் காத்தது.

ஆனால் புவி வெப்பமடைவதால் பனியாறுகள் பின்வாங்கி, அவற்றின் முகப்பில் புதிய கடற்கரைகள் வெளிப்படத் தொடங்கியபோது, எலிகளுக்கு வழி திறக்கும் அபாயம் எழுந்தது. அதே பனியாறுகள் தீவைத் தனித்தனிப் பகுதிகளாகப் பிரித்திருந்தமையால், ஒரு பகுதியில் எலிகளை ஒழித்தபின் அடுத்த பகுதியிலிருந்து அவை திரும்பி வராது என்ற வாய்ப்பும் இருந்தது. அவ்வாய்ப்பு கைநழுவுமுன், தெற்கு ஜார்ஜியா பாரம்பரிய அறக்கட்டளை 2011, 2013, 2015 ஆகிய ஆண்டுகளில் மூன்று கட்டங்களாக ஹெலிகாப்டர்களிலிருந்து நச்சு இரையைத் தூவியது. இலக்கல்லாத பறவைகள் சிலவும் அந்நஞ்சால் மடிந்தன என்றாலும், பணி முடியுமுன்பே, எலிகள் அகன்ற இடங்களில் நெட்டைக்காலி மீண்டும் கூடு கட்டத் தொடங்கியது. மோப்ப நாய்களைக் கொண்டு தீவு முழுவதும் நடத்தப்பட்ட தேடலில் ஓர் எலியும் அகப்படாததால், 2018இல் தீவு எலியற்றதென அறிவிக்கப்பட்டது.

பனியாற்று அரண்கள் தேய்ந்துவரும் நிலையில், சினையுற்ற ஒரே ஓர் எலி கரையேறினாலும் அதன் சந்ததி முன்னைவிட எளிதாகப் பரவிவிடக்கூடும் என்பதால், தீவுக்கு வரும் கப்பல்களைச் சோதிப்பதே இப்போது இப்பறவைக்கு முதன்மையான பாதுகாப்பாகும்.