சொல்லத் தெரியாத குழந்தையின் பத்தியம்

வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாத நான்கு வயதுப் பிள்ளை, யாரோ கொடுத்த கடலை மிட்டாயில் ஒரு விள்ளலை வாயில் போட்டுக்கொண்டுவிட்டால், நாக்கு குறுகுறுக்கிறது என்றோ தொண்டையில் என்னவோ நிற்கிறது என்றோ தாயிடம் ஓடிவந்து சொல்லிவிடும். அதே அவஸ்தை, ஆட்டிசம் உள்ளதும் நாலைந்து வார்த்தைகளுக்குமேல் பேச்சு வராததுமான ஒரு குழந்தைக்கு நேரும்போது, அது நாக்கைப் பிடித்து இழுக்கும், விரல்களை வாய்க்குள் திணித்துக்கொள்ளும், காதைப் பிய்க்கும், எச்சில் ஒழுக அலறும், அல்லது திடீரென்று ஓய்ந்து மடியில் சாய்ந்துவிடும். சுற்றியிருக்கும் பெரியவர்களோ, இவற்றில் பாதியைச் சாதாரண நாளிலும் அது செய்யக் கண்டு பழகியவர்களாதலால், “அவன் எப்பவும் அப்படித்தான்” என்று சமாதானம் சொல்லிக்கொள்வார்கள். கடலையைவிட இந்தச் சமாதானத்துக்கே நான் அதிகம் அஞ்சுகிறேன்.

இரண்டு தொல்லைகளும் ஒரே குழந்தையிடம் கூடிவருவது அபூர்வமன்று. அமெரிக்காவில் 1997 முதல் 2016 வரை திரட்டிய விவரங்களைக்கொண்டு சுமார் 2 லட்சம் குழந்தைகளைப்பற்றிச் செய்த ஆராய்ச்சியொன்று, ஆட்டிசம் உள்ளவர்களில் 11.25 சதவீதத்தினருக்கும், மற்றவர்களில் 4.25 சதவீதத்தினருக்கும் உணவு ஒவ்வாமை இருப்பதாக 2018இல் தெரிவித்தது. அது வீட்டார் சொன்னதை வைத்து எடுத்த கணக்கேயொழிய, ஒன்று மற்றொன்றை உண்டாக்குகிறது என்பதற்குப் பிரமாணம் அன்று. ஆயினும், பாலையும் கோதுமையையும் நிறுத்தினால் ஆட்டிசமே நீங்கிவிடும் என்று உபதேசிக்கிறவர்களுக்கு இத்தகைய கணக்குகள் அவலாகிவிடுகின்றன. அந்த உபதேசத்துக்கு உறுதியான ஆதாரம் இல்லை. தயிர்சாதத்தையும் ஏதோ ஒரு பிஸ்கட்டையும் தவிர வேறொன்றையும் தொடாத பிள்ளையிடமிருந்து தயிரையும் பறித்துவிட்டால் மிஞ்சுவது என்ன என்று அவர்கள் யோசிப்பதில்லை. வழவழப்போ வாசனையோ பிடிக்காமல் ஒதுக்குவது வேறு, உடம்பு ஏற்காதது வேறு. ஆனால் முட்டையைக் கண்டாலே தட்டைத் தள்ளும் குழந்தை, முன்பு அதைத் தின்று பட்ட பாட்டை நினைத்துத் தள்ளுகிறதா என்பதையும் விசாரிக்கத்தான் வேண்டும். தோலில் குத்திப் பார்ப்பதும், ஐ.ஜி.இ. ரத்தப் பரிசோதனையும், அவசியமானால் ஆஸ்பத்திரியில் வைத்தியர் மேற்பார்வையில் சிறிது சிறிதாக உண்ணக் கொடுத்துப் பார்ப்பதும் இதற்கு ஏற்பட்ட மார்க்கங்கள், ஐ.ஜி.ஜி. என்ற பெயரால் பண்டங்களுக்கெல்லாம் நீண்ட ஜாபிதா போட்டுத் தரும் பரிசோதனை இதற்கு உதவாது.

இனி நம் சமையலறைக்கு வருவோம். இட்லிப் பொடியில் எள் இருக்கிறது. கடையில் விற்கும் பெருங்காயத் தூளில் பெரும்பாலும் மைதா கலந்திருக்கிறது. நன்றாகச் சுத்திகரித்த கடலை எண்ணெயில் ஒவ்வாமையைக் கிளப்பும் புரதம் அநேகமாக இல்லாதிருக்க, ஆரோக்கியம் என்று நாம் தேடிப் போய் வாங்கும் செக்கெண்ணெயிலோ அது தங்கிவிடுகிறது. பொட்டலங்களில் பால், முட்டை, மீன், வேர்க்கடலை, கோதுமை, சோயா முதலியவை இருந்தால் அறிவிக்க வேண்டும் என்று 2020இல் வந்த விதி சொல்கிறது. அந்தப் பட்டியலில் எள் இல்லை. அமெரிக்காவில் 2023 முதல் எள்ளும் சேர்ந்துவிட்டது. நம்மைப்போல் எள்ளுருண்டை பிடித்து உண்ணும் தேசமன்று அது! பிரசாதத் தொன்னைக்கும் பிறந்தநாள் மிட்டாய்க்கும் எந்த விதியும் துணைவராது. “ஒரு வாய் கொடுத்தா என்ன ஆயிடும்?” என்று பரிவோடு கேட்கும் பாட்டியிடமும், கொடுக்காமலே பிறர் தட்டிலிருந்து எடுத்துத் தின்னும் பிள்ளையிடமும் ஒரே சமயத்தில் ஜாக்கிரதையாக இருப்பதைவிட, விலக்க வேண்டிய பண்டத்தை வீட்டார் அனைவருமே துறந்துவிடுவது சுலபம்.

பேச்சு வராத பிள்ளைகளுக்குப் படங்களைக் கொடுத்துக் கேட்கப் பழக்கும் முறையை, அமெரிக்காவில் டெலவேர் மாகாணத்தில் 1985இல் பாண்டி, ஃபிராஸ்ட் என்ற இருவர் வகுத்தார்கள். சென்னையில் உருவான ‘ஆவாஸ்’ செயலி, தொட்ட படத்தைத் தமிழிலும் பேசிக் காட்டுகிறது. குறை சொல்வதென்றால், நாம் தயாரிக்கும் அட்டைகளில் ‘பிஸ்கட் வேண்டும்’, ‘ஊஞ்சல் வேண்டும்’ என்பவை நிறைந்திருக்க, ‘அரிக்கிறது’, ‘வாய் எரிகிறது’ என்பவற்றுக்கு இடமிருப்பதில்லை. கொசு கடித்துச் சொறியும்போதே அந்தப் படத்தைக் கையில் கொடுத்துப் பழக்கினாலொழிய, மூச்சுத் திணறும் வேளையில் அது நினைவுக்கு வராது.

உடம்பில் தடிப்போடு இருமலோ இளைப்போ வாந்தியோ சேர்ந்துவிட்டால், அரிப்பு மருந்தைப் புகட்டிவிட்டுக் காத்திருப்பது தகாது. தொடையின் வெளிப்புறத்தில் போடும் அட்ரினலின் ஊசியே முதல் மருந்து. அதன் அளவு உடல் எடையில் கிலோவுக்கு 0.01 மில்லிகிராம். தானே குத்திக்கொள்ளும் பேனா ஊசி இங்கே எளிதில் கிடைப்பதில்லையாதலால், எங்கே, எப்படிப் பெறுவது என்று வைத்தியரிடம் முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். தொட்டாலே துள்ளும் பிள்ளையாதலால் தொடையைப் பிடிக்கும் விதத்தை விளையாட்டாகப் பழக்கிவைப்பதும், 108ஐ அழைத்தபின் நடக்கவிடாமல் படுக்கவைப்பதும், மூச்சு முட்டினால் மட்டும் உட்காரவைப்பதும் அவசியம். சற்றுத் தணிந்த பிறகும் சில மணி நேரத்தில் மறுபடி கிளம்பக்கூடுமாதலால் ஆஸ்பத்திரியில் வைத்துக் கவனிப்பார்கள். அங்கே எதிர்ப்படும் டாக்டரிடம், என்ன தின்றான் என்பதோடு, இவனுக்குப் பேச்சு வராது, ஆனால் இப்படி ஓய்ந்து கிடப்பது இவன் சுபாவம் அல்ல என்பதையும் முதல் மூச்சிலேயே சொல்லிவிட வேண்டும்.