வண்டி நிற்காமல் இன்ஜின் வேலை

கம்பம் பள்ளத்தாக்கில் கடை வைத்திருப்பவர்களுக்கு ஜீப்பை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. விடிவதற்கு முன்பே ஏலத்தோட்ட ஆட்களை ஏற்றிக்கொண்டு கம்பம் மெட்டும் போடி மெட்டும் ஏறுகிற ஜீப்புகளைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாம். அவற்றின் உறவான பழைய மஹிந்திரா பிக்கப்புகள் சில இன்றும் நமது மளிகைக் கடைகளுக்கு அரிசி மூட்டையும் எண்ணெய் டின்னும் சுமக்கின்றன. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் வந்த அந்த வண்டிகள் பலவற்றில் இருப்பது பிரெஞ்சு பெஜோ நிறுவன வடிவமைப்பில் வந்த எக்ஸ்.டி.பி. டீசல் இன்ஜின். நான்கு சிலிண்டர், 2,112 சி.சி. காலாகாலத்தில் ஆயில் மாற்றினால் லேசில் கெடாது. ஆனாலும் ஒருநாள் புகை தள்ளத்தான் செய்யும்.

நமது வண்டிக்கு முதன்முறை அந்த நாள் வந்தது ஒரு புரட்டாசியில். பதினைந்து நாளில் முடித்துவிடலாம், தீபாவளிச் சரக்குக்கு வண்டி தயாராகிவிடும் என்று கணக்குப் போட்டோம். இன்ஜினைப் பிரிப்பதற்கு முன்பே மதுரைக்குப் போய் ஸ்டாண்டர்டு அளவில் பிஸ்டனும் ரிங்கும் வாங்கி வந்ததுதான் நாம் செய்த பெரிய தவறு. லேத் பட்டறையில் அளந்து பார்த்தபோது சிலிண்டர் தேய்ந்து அகன்றிருந்தது. பெரிய அளவுப் பிஸ்டன் வேண்டும். வாங்கியதைத் திருப்பவும் முடியவில்லை. ஆயுத பூஜைக் கூட்டத்தில் பட்டறையும் நெருக்கடி. ஒரு மாதம் வாடகை வண்டி வைத்தும் வாடிக்கையாளர் சிலரின் தீபாவளிப் பட்டியல் பக்கத்துக் கடைக்குப் போய்விட்டது. அதில் இரண்டு பேர் இன்னும் திரும்பி வரவில்லை.

ஆகவே முதலில் அளவு, பிறகே கொள்முதல். கிராங்குக்கும் இதே விதிதான். அதைக் கிரைண்டிங் செய்தால் கால் மில்லிமீட்டரா, அரை மில்லிமீட்டரா என்று தெரிந்த பிறகே பேரிங் வாங்க வேண்டும்.

அதற்கும் முன்னால், இன்ஜினை இறக்கத்தான் வேண்டுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கரும்புகை என்றால் ஏர் ஃபில்டர், நாசில், பம்பு இவற்றை முதலில் சந்தேகிக்கலாம். தண்ணீர் குறைந்துகொண்டே வந்து, ஆயில் மூடியின் அடியில் மோர் போலப் படிந்திருந்தால் ஹெட் கேஸ்கட்டைப் பார்க்க வேண்டும். நீலப்புகை தொடர்ந்து வந்து, ஆயில் ஊற்றும் வாயிலிருந்தும் காற்று குபுகுபுவென்று அடித்தால் ரிங் தேய்ந்துவிட்டது என்று கொள்ளலாம். டீசல் வண்டிக்குரிய கேஜ் வைத்து நான்கு சிலிண்டரிலும் கம்ப்ரஷன் பார்த்தால் ஊகத்துக்கு இடமில்லை. சேஸிஸ் துருப்பிடித்த வண்டிக்கு இன்ஜின் வேலை செய்வது ஓட்டைச் சாக்கில் சர்க்கரை கொட்டுவதுதான். 15 ஆண்டு கடந்த வண்டிகளுக்கான எஃப்.சி. கட்டணத்தை மத்திய அரசு 2022 ஏப்ரல் முதல் பல மடங்கு உயர்த்திவிட்டதையும் கணக்கில் சேர்த்துப் பாருங்கள்.

தினமும் ஓடியாக வேண்டிய வண்டிக்கு நாம் பின்னால் கண்டுகொண்ட வழி, அதே ரகத்தில் இன்னொரு பழைய இன்ஜினை வாங்கி அதை நிதானமாகச் செய்வது. வண்டி பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். முதல்முறை செய்கிறவருக்கும் அவசரம் இல்லை. மாற்றுவதற்கு இரண்டு நாள் கடையைச் சமாளித்தால் போதும். ஆனால் விற்பவரிடம் பில்லும், அந்த இன்ஜின் இருந்த வண்டியின் ஆர்.சி. நகலும் வாங்காமல் பணம் கொடுக்காதீர்கள். எண் அழிக்கப்பட்ட இன்ஜின் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52-ன்படி இன்ஜின் மாற்றியதைப் பதினான்கு நாளுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். ஆர்.சி.யில் ஒரு எண், வண்டியில் வேறு எண் என்றிருந்தால் குமுளி சோதனைச் சாவடியில் நிற்கும்போதும், விபத்துக்குப் பின் இன்சூரன்ஸ் கேட்கும்போதும் விளக்கம் சொல்லி மாளாது.

வேலையை ஆடியில் வைத்துக்கொள்வது நல்லது. கல்யாணச் சரக்கு இல்லாத மாதம். கார்த்திகை பிறந்தால் ஐயப்ப பக்தர் கூட்டம், அப்புறம் பொங்கல்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிட்டால் சூடேறாது என்று சொல்லும் மெக்கானிக்குகள் நம் பக்கம் உண்டு. கேட்க வேண்டாம். இன்ஜின் உரிய சூட்டுக்கு வராமலே ஓடி, புதுப் போரும் சீக்கிரம் தேயும். அந்தப் பணத்தில் ரேடியேட்டரைச் சுத்தம் செய்யுங்கள். ஹெட் போல்டுகளைக் கைக்கணக்கில் முறுக்காமல், டார்க் ரெஞ்சு வைத்து, புத்தகத்தில் உள்ள வரிசைப்படி முறுக்கச் சொல்லுங்கள்.

வேலை முடிந்த கையோடு பாரம் ஏற்றி மெட்டு ஏறும் ஆசை வரும். தேனியிலிருந்து கம்பம் போய்த் திரும்பினால் ஏறக்குறைய 80 கி.மீ. அந்தச் சமதளச் சாலையில் பாதிச் சுமையோடு ஆறேழு நடை ஓட்டுங்கள், ஒரே வேகத்தில் பிடித்து ஓட்டாமல். ஏறத்தாழ 500 கி.மீ. ஆனதும் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றுங்கள். வடித்த ஆயிலை வெள்ளைத் துணியில் ஊற்றிப் பாருங்கள். மினுமினுவென்று பொடி நிறையத் தெரிந்தால் மெக்கானிக்கைக் கூப்பிட்டுக் காட்டாமல் போடி மெட்டுப் பக்கம் வண்டியைத் திருப்பாதீர்கள்.